கையெழுத்துப் போடு, ரெபேக்கா

போன் அடித்தது.

சிலிண்டர்காரன் என்று நினைத்துத்தான் ரெபேக்கா எடுத்தாள்.

"அஞ்சாவது மாடி. லிஃப்ட் ஓடல. தூக்கிட்டுதான் வரணும்."

"சிலிண்டர் இல்ல மேடம். பேக்கேஜ்."

"நான் எதுவும் ஆர்டர் பண்ணலியே."

"நீங்க அனுப்ப வேண்டிய பேக்கேஜ். 'எழில்' லைப்ரரி... புது வெர்ஷன். இப்பவே அனுப்புறீங்க."



பகலில் மும்பை செம்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. லீவு நாளில் திலக் நகர் வீட்டில் உட்கார்ந்து காசு வாங்காமல் அவள் செய்வது இன்னொரு வேலை. யாரோ எழுதிய நிரல்தொகுப்பை, அதாவது லைப்ரரியைப் பிரித்துப் பார்த்து, சோதித்து, லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எவரும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும் பேக்கேஜாகக் கட்டுவாள். தன் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டு அனுப்புவாள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் உலகம் அதை எடுத்துக்கொள்ளும்.

'எழில்' என்பது திரையில் தமிழ் எழுத்தைக் காட்டும் லைப்ரரி. ஒரு வங்கி தன் ஏ.டி.எம்.களில் எல்லாம் அதைப் போடக் காத்திருந்தது.

நேற்று புது வெர்ஷனைப் பிரித்தவள் திடுக்கிட்டாள். ஊருக்குக் காட்டிய மூலநிரலில் இல்லாத ஒரு ஃபைல், அவளுக்கு வந்த மூட்டைக்குள் ஒளிந்திருந்தது. ஓடவிட்டால் மெஷினுக்குள் ஒரு திருட்டுக் கதவைத் திறந்துவிடும்!

இதை இரண்டே பேருக்குத்தான் எழுதினாள். ஒருவன் பஞ்சு, லைப்ரரியை எழுதியவன். இரண்டு வருடமாக மெயிலில் மட்டுமே பழக்கம். இன்னொருவர் மாட்டுங்காவில் இருக்கும் நம்பிராஜன். இவளோடு பேக்கேஜ் கட்டுகிறவர். இவள் வாய் நிறைய அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர்.

அப்படியானால் இவன் பஞ்சுவின் ஆள்.

"அனுப்ப முடியாது. அதுல திருட்டு இருக்கு."

"வாட்ஸப் பாருங்க."

பார்த்தாள். ஒரு போட்டோ. காட்கோபர் ஸ்டேஷன் பிளாட்பாரம். விளிம்பில் நீலச் சட்டையோடு நிற்பவன்... சாஜன். அவள் புருஷன். காலையில் அவள்தான் அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

"அவன் பின்னாடி நம்ம ஆள் நிக்கான். கூட்டத்துல லேசா ஒரு தக்கா, ஒரே தள்ளு போதும். சமஜ்கயா?"

"ஆண்டவரே... அவரை ஒண்ணும் பண்ணிராதீங்க."

"லைன் கட் பண்ணாத. வீடியோ போடு. போனை லேப்டாப் பக்கம் திருப்பு. நீ என்ன தட்டுறன்னு எனக்குத் தெரியணும்."

போனைத் தண்ணி பாட்டிலில் சாய்த்து வைத்தாள்.  

பேக்கேஜின் விவரக் குறிப்பைத் திறந்தாள். ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே, எல்லோருக்கும் தெரியும் இடத்தில், தமிழில் நான்கு வரி தட்டினாள்.

"ஏ... அது என்ன?"

"தமிழ்க் குறிப்பு. தமிழ் லைப்ரரிதானே. இல்லன்னா தமிழ்க் குழு திருப்பி அனுப்பிரும்."

அவள் போனைப் பார்க்காமல் தட்டிக்கொண்டே இருந்தாள். 

"படிச்சுக் காட்டு."

"எ... எழில் லைப்ரரி, தமிழ் எழுத்துகளைத் திரையில் அழகாகக் காட்டும்..."

"டீக் ஹை. எனக்குத் தமிழ் படிக்க வராது. சல்தி, சீக்கிரம் பண்ணு."

அந்த நான்கு வரியில் எழிலும் இல்லை, அழகும் இல்லை. அவள் பெயரும் விலாசமும் இருந்தன. பேக்கேஜில் இருந்த திருட்டு இருந்தது. புருஷன் பெயரும் ஆபீஸும், அவன் உயிருக்கு வந்திருக்கும் ஆபத்தும் இருந்தன. மும்பை போலீஸுக்குச் சொல்லும்படி ஒரு கெஞ்சல் இருந்தது.

கையெழுத்துப் போட்டாள். அனுப்பினாள்.

"ஷாபாஷ்."

லைன் செத்தது.

சாஜனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

வாசல் மணி ஒலித்தது.

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். நம்பிராஜன்!

திறந்தவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

"அண்ணாச்சி... அவரு போனை எடுக்க மாட்டேங்காரு."

"படிச்சேன்மா. பதறாத. உடனே ஓடி வந்தேன். போலீஸுக்கு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல. உங்க கண்ணுல பட்டதே பெருசு."

"நல்லது."

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாட்டுங்காவிலிருந்து இங்கே வர, இந்த டிராஃபிக்கில் முக்கால் மணி நேரமாவது வேண்டும். அவள் அனுப்பி ஒரு டீ போடும் நேரம்கூட ஆகவில்லை.

"அண்ணாச்சி... நீங்க எங்கேருந்து வாறீங்க?"

"கீழேருந்து."

சாதாரணமாகச் சொன்னார். கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புது பேக்கேஜ் வந்தா தமிழ்க் குழுவுக்குப் போற மெயிலெல்லாம் என்னைத் தாண்டித்தான் போகும். உன்னோடதை நிறுத்திட்டேன். இப்ப அந்த நாலு வரியை எடுத்துட்டு இன்னொரு தடவை அனுப்பு."

"அப்போ பஞ்சு..."

"பஞ்சுன்னு ஒருத்தன் கிடையாது. ரெண்டு வருஷமா உனக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினது நான்தான்."



"என்னத்துக்கு என் கையெழுத்து? நீங்களே போட்டிருக்கலாமே."

"போடலாம். நாளைக்குக் கேள்வி வந்தா என்னைத்தான கேப்பாங்க. உன்னைக் கேக்க முடியாது பாரு."

"ஏன் முடியாது?"

அவர் பால்கனியைப் பார்த்தார். அங்கே காயப்போட்டிருந்த துணிகளுக்கு அப்பால் ஐந்து மாடிப் பள்ளம்.

"மாட்டிக்குவோம்னு பயந்து குதிச்சுட்டாள்னு பேப்பர்ல போடுவாங்க. உக்காரு. தட்டு."

உட்கார்ந்தாள். கடவுச்சொல்லைத் தட்டினாள். தப்பு. மறுபடி தட்டினாள். தப்பு.

"விளையாடுறியா?"

"கை நடுங்குது அண்ணாச்சி. நிசமாத்தான்."

நிஜமாகத்தான் நடுங்கியது. ஆனால் ஒவ்வொரு தப்பையும் அவள் வேண்டுமென்றே செய்தாள். அது முடிந்ததும் அடுத்தது பால்கனி என்பது அவளுக்குத் தெரியும். தப்பு. மறுபடி தப்பு. அவர் மூச்சு அவள் பிடரியில் சுட்டது.

"தள்ளு. கடவுச்சொல்லைச் சொல்லு, நானே தட்டுறேன்."

அவர் குனிந்து விசைப்பலகையில் கை வைத்த நொடி, வாசல் மணி விடாமல் அலறியது.

"ரெபேக்கா! போலீஸ். கதவைத் திறங்க."

அவர் தலை திரும்பியது.

ரெபேக்கா லேப்டாப் மூடியை இரண்டு கையாலும் ஓங்கி அறைந்தாள். விரல்கள் நசுங்கி நம்பிராஜன் கத்தினார். பாய்ந்து போய்த் தாழ்ப்பாளை உருவினாள்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தனா முன்னால் நின்றாள். செம்பூர்த் தமிழ்ப் பெண். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

ரெபேக்கா கை காட்டிய அடுத்த நிமிடம் நம்பிராஜன் கையில் விலங்கு.

"எங்க வீட்டுக்காரரு..."

"சேஃப். ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கார். போன் சைலன்ட். அந்த போட்டோ காலையில எடுத்தது. எடுத்தவன் அப்பவே நழுவிட்டான். பிடிச்சிடலாம்."

ரெபேக்கா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். வந்தனா தண்ணீர் கொடுத்தாள்.

"முடியாது..." நம்பிராஜன் நசுங்கிய விரல்களைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "மெயிலை நிறுத்திட்டேனே. யாரும் படிச்சிருக்க முடியாது."

"திருச்சியில வெயிலுமுத்துன்னு ஒருத்தர்," என்றாள் வந்தனா. "அவர் மெயிலுக்கெல்லாம் காத்திருக்க மாட்டாராம். புதுசா எந்த பேக்கேஜ் வந்தாலும் நேரா திறந்து, தமிழ்ல எவன் தப்பு பண்ணியிருக்கான்னு தேடுவாராம். அவர்தான் ஸ்டேஷனுக்கு போன் போட்டார்."

ரெபேக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்கு நன்றி சொல்லணும் மேடம்."

"சொல்லுங்க. ஆனா ஜாக்கிரதை, உங்க மேல செம கோவத்துல இருக்கார்."

"என் மேலயா? எதுக்கு?"

"'காப்பாற்றச் சொல்லுங்கள்'ல 'ச்' விட்டுட்டீங்களாம். உயிரே போனாலும் ஒற்று போகக் கூடாதாம்!"