திரும்பி வராத நீர்

இரண்டாம் முறை தொட்டுப் பார்த்தபோதும் கோலெட்டின் இடுப்புக்குக் கீழே விரித்திருந்த துணி காய்ந்தே இருந்தது. நர்ஸ் மொனீக் தன் விரல் நுனிகளை நம்பாமல் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள்.

"உள்ளே போறதுல கொஞ்சமாச்சும் வெளியே வழியணுமே, செல்லம்."

பனிக்குட நீர் குறைகிறது என்று தெரிந்த நாளிலிருந்து இடப்பக்கமே படுத்துப் படுத்துக் கோலெட்டுக்குத் தோள் மரத்துவிட்டது. குமட்டும்வரை தண்ணீர் குடித்தாள். கையில் ஊசி வழியாகவும் ஏற்றினார்கள். ஒவ்வொரு ஸ்கேனிலும் நீர் முன்னைவிடக் குறைந்துதான் இருந்தது. போன வருடம் முதல் குழந்தை இப்படித்தான் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. இந்த முறை காத்திருக்க வேண்டாமென்று டாக்டர் காலையிலேயே வலி வர மருந்து கொடுத்தார். பனிக்குடத்தை உடைத்தபோது ஒரு கரண்டி நீர்கூட வரவில்லை. வலி எடுக்கும்போதெல்லாம் தொப்புள்கொடி நசுங்கிக் குழந்தையின் துடிப்பு சரிந்தது. அதனால்தான் கருப்பைக்குள் மெல்லிய குழாய் விட்டு, வெதுவெதுப்பான உப்புநீரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே சட்பரி நகரத்துப் பனி சுரங்கத்துப் புகைபோக்கியை மறைத்துப் பெய்தது, சாயங்காலத்துக்குள்ளேயே இருட்டிவிட்டது. கிருமிநாசினி வாசத்தோடு, நேரே சுரங்கத்திலிருந்து ஓடி வந்த கணவன் ரெஜானின் உடுப்பிலிருந்த கந்தக நெடியும் கலந்து அறையில் தேங்கி நிற்க, கருவியில் குழந்தையின் துடிப்பு குதிரைக் குளம்படிபோல ஓடிக்கொண்டிருக்க, அதற்கு அடியில், மிக அடியில், வேறொரு ஓசை அவளுக்குக் கேட்டது. மடக். மடக்.

"ரெஜான், அது என்ன சத்தம்?"

"துடிப்புதான். இப்ப ஜம்முனு ஓடுது பாரு. நம்ம பய ஹாக்கி ஆடாம விடமாட்டான்." சிரிக்கப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன.

தூங்கினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

மொனீக் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தாள். நீர் இருந்தால் திரையில் கறுப்பாகத் தெரியும். கறுப்பே இல்லை. ஒரு பை உப்புநீர் முழுக்க இறங்கியிருந்தது. எங்கே போனது? குழந்தையின் சாம்பல் நிற முகம் மட்டும். தாடை திறந்தது. மூடியது. திறந்தது.

"எல்லாப் பிள்ளையும் குடிக்கும்தான்," என்றாள் மொனீக், குரலைத் தாழ்த்தி. "குடிச்சதை மூத்திரமா விட்டுடும்."

"இது விடலையே?" என்றான் ரெஜான்.

மொனீக் டாக்டரை அழைக்கும் பொத்தானை அழுத்தினாள். சுவரோரம் தாங்கியில் தொங்கிய இரண்டாவது பையில் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கவில்லை. சரம்போல ஓடியது. பை சுருங்கியது. ஒட்டியது. உறிஞ்சிப் போட்ட பழத்தோல்.

"போதும். குழாயை எடுத்துடறேன்."

இழுத்தாள். வரவில்லை.

கோலெட்டின் அடிவயிற்றுக்குள் ஏதோ சுண்டியது.

"மொனீக், மெதுவா இழுங்க. வலிக்குது."

"நான் இழுக்கலைம்மா."

இரு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

குழாய் நகர்ந்தது. உள்பக்கமாக. ஒரு விரற்கடை. நின்றது. இன்னும் ஒரு சாண்.

ரெஜான் அதை எட்டிப் பிடித்தான். வழுக்கிக்கொண்டு போனது.

துடிப்பு சீராக ஓடியது. ஆரோக்கியமாக.

குழாய் விறைத்தது. சுவரோரம் நின்ற இரும்புத் தாங்கியின் சக்கரங்கள் கிறீச்சிட்டன. காலிப் பையை ஆட்டிக்கொண்டு, அது கட்டிலை நோக்கி உருண்டு வரத் தொடங்கியது.