எட்டு வால்வுப் பலகை

மூன்றாவது சாக்கெட்டில் இருந்த கண்ணாடி வால்வு எரிந்திருக்கக் கூடாது.

பலகையைச் சாய்த்து அடிப்பக்கம் பார்த்தபோதுதான் அவனுக்கே தெரிந்தது. வால்வின் கால்களை அடியிலிருந்து பார்த்து எண்ண வேண்டும். மற்ற ஏழுக்கும் அப்படித்தான் எண்ணிக் கம்பி பற்றவைத்திருந்தான். மூன்றாவதற்கு மட்டும், ஏதோ நினைப்பில், மேலிருந்து எண்ணிவிட்டான். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாம் இடம் வலமாகியிருந்தது. கண்ணாடிக்குள் இருக்கும் இழைக்கு மின்சாரம் போக வழியே இல்லை. பலகையை நிமிர்த்தினான். இழை செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது.

பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்ப்பது அவன் தொழில். கடைக்காரர் ஒருவர், அவற்றுக்குள் பல்பு மாதிரி எரியும் இந்த வால்வுகளை ஒரு பெட்டி நிறைய அனுப்பி, எது தேறும் என்று பார்க்கச் சொல்லியிருந்தார். டெஸ்டரில் ஒன்றொன்றாகத்தான் செருக முடியும். ஒவ்வொன்றும் சூடேறும் வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மனைவி போன பிறகு அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் அவனைத் தின்றது. அதை ஒழிக்கத்தான் இந்தப் பலகையைச் செய்தான். எட்டும் ஒன்றாகச் சூடேறும். திருகு சுவிட்சைத் திருப்பினால் ஒவ்வொன்றாக டெஸ்டருக்குப் போகும். கை ஓயாது.

டெஸ்டரின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பென்சிலால் கண்ணாடியைத் தட்டினான். நல்ல வால்வு பேசாமல் இருக்கும். கெட்டது கணீரென்று அதிரும். அறையில் நடக்கும் சத்தத்தையெல்லாம் வாங்கிக் காதில் போடும். "சுவத்துக்குக் காது உண்டும்பாங்க. நம்ம வீட்ல கண்ணாடிக்கும் உண்டாக்கும்?" என்று அவள் ஒருமுறை சிரித்தாள். பிறகு வால்வின் அருகே குனிந்து, "இவரு நேத்தும் குளிக்கல" என்று கோள் சொன்னாள்.

மூன்றாவது வால்வு அதிரவில்லை. மூச்சு விட்டது.

வெளியே மழை ஜன்னல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது, சூடேறிய தூசியின் வாசனையும் ஈயப் புகையும் அறையில் தேங்கியிருந்தன, இவற்றுக்கெல்லாம் அடியில், வெகு அருகில், அந்த மூச்சு மேலே ஏறி, பாதியில் எதிலோ தடுக்கி, சன்னமான சீழ்க்கையோடு இறங்கி, மறுபடி ஏறத் தயங்கி நின்றது. அவன் தன் மூச்சை அடக்கிப் பார்த்தான். அது நிற்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்திருந்த அவளுடைய கடைசி வாரங்களில் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்து அவன் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு. ஆயிரம் பேர் மூச்சிலும் அதைத் தனியாகப் பிரித்துச் சொல்லுவான்.

சுவிட்சை அணைக்கப் போன விரலை இழுத்துக்கொண்டான்.

கதவு தட்டப்பட்டது. அவள் தம்பி, சாப்பாட்டுக் கேரியரோடு நனைந்து நின்றான்.

"உள்ள விடுங்க அத்தான். இது ஆறிப்போச்சுன்னா அம்மா என்னைய சூடு பண்ணிடுவாங்க." அவன் முகத்தைப் பார்த்ததும் மச்சினனின் சிரிப்பு நின்றது. "என்ன, பேயறைஞ்ச மாதிரி?"

அவனை மேசைக்கு இழுத்துப் போய் ஹெட்போனை மாட்டிவிட்டான்.

மச்சினன் கேட்டான். நின்றபடியே வெகுநேரம் கேட்டான். கேரியரிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றான்.

பிறகு, "அணைச்சிடுங்க அத்தான்."

"அணைச்சா நின்னுடும்டா."

"நிக்கட்டும். ஏற்கெனவே ஒரு தடவ நின்னுச்சுல்ல? அங்க போயும் அவ இழுத்துக்கிட்டே கெடக்கணுமா?"

"உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு அவ அக்கா. அதுக்கப்புறம்தான் உங்களுக்குப் பொண்டாட்டி." ஹெட்போனைக் கழற்றி நீட்டினான். "விட்ருங்க அத்தான். கையெடுத்துக் கும்பிடுறேன்."

அவன் விடவில்லை. மச்சினன் கேரியரை வாசலிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். குடையை மறந்துவிட்டான்.

பொழுது சாய்வதற்குள் மூன்றாவது வால்வின் தலைப்பக்கம் கண்ணாடி கறுக்கத் தொடங்கியது. தப்பான கால்களில் ஏறும் மின்சாரம் அதை அரித்துக்கொண்டிருந்தது. மூச்சும் மெலிந்தது. பிடுங்கிவிட்டு வேறு வால்வு செருகலாம். பிடுங்கும் நேரத்துக்கு மூச்சு நின்றுவிடும். நிற்கக் கூடாது. அவள் தாண்டிப் போக இன்னொரு இடம் வேண்டும்.

நான்காவது சாக்கெட்டின் கம்பிகளை அறுத்தான். மின்சாரத்தை அணைக்காமலே, மேலிருந்து எண்ணி, இடம் வலமாகப் பற்றவைத்தான். விரலில் ஷாக் அடித்தது. உதறிக்கொண்டு செய்தான். ஒன்று போதுமென்று தோன்றவில்லை. ஐந்தாவது. ஆறாவது. கடைசியில் எட்டையும் மாற்றியிருந்தான்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருகு சுவிட்சைத் திருப்பினான்.

முதலாவதில் அவள் மூச்சு.

இரண்டாவதில்.

நான்காவதில், ஐந்தாவதில்.

அவள் தாண்டிப் போகவில்லை. எல்லாவற்றிலும் இருந்தாள். ஒன்றில் இருமினாள். ஒன்றில் காற்றைக் கடித்து இழுத்தாள். ஒன்றில் "ஏங்க" என்றாள், தண்ணீர் கேட்கிற குரலில்.

ஹெட்போனைக் கழற்றினான். சத்தம் குறையவில்லை. கண்ணாடிகளிலிருந்தே வந்தது. இழுக்கும்போது இழை சிவந்தது. விடும்போது மங்கியது. எட்டும் சேர்ந்து அல்ல. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குத் திணறியது.

மூன்றாவதில் மூச்சு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. அவனுக்குத் தெரியும் இது. ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்தபடி இதைத்தான் கேட்டான்.

இறங்கவில்லை.

இழை அணைந்தது.

மற்ற ஏழும் சட்டென்று நிசப்தமாயின. அவை கேட்டுவிட்டன.

பிறகு ஏழும் மூச்சு வாங்கத் தொடங்கின. வேகமாக. முன்னைவிட வேகமாக. பயந்து.

"வேணாங்க," என்றாள் ஒன்றிலிருந்து.

"வேணாங்க." இன்னொன்று.

அவன் அழுதுகொண்டிருந்தான். கை பெட்டிக்குள் போய்த் துழாவியது. பெட்டி நிறைய இருந்தன. கறுத்துப்போனதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினான்.

இழை மெல்லச் சிவந்தது.

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள்.