பாலத்துக்கு இந்தப் பக்கம்

சமையலறை ஜன்னலைத் திறந்து நாலைந்து நாளாகிவிட்டது. மலைக்காடுகள் எரிந்துகொண்டிருந்தன. மாநில எல்லையிலிருக்கும் கிளார்க்ஸ்டன் ஊர் முழுக்கப் புகை. ஆற்றுக்கு எதிர்ப்பக்கம், ஐடஹோ மாநிலத்தில் இருக்கும் லூயிஸ்டன் கண்ணுக்கே தெரியவில்லை. அங்கிருக்கும் காகித ஆலையின் நாற்றம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

"மத்தியானம் வீட்டுத் தரகர் வர்றார்," என்றார் டுவெய்ன், காபிக் கோப்பையைப் பார்த்தபடி. "இன்னைக்காவது வீட்டை விக்கக் கையெழுத்துப் போடுவியா?"

மனைவி ரோண்டா முட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"ராத்திரி எவனோ என் வண்டியிலேர்ந்து ரம்பத்தைத் தூக்கிட்டுப் போயிட்டான். போலீஸ்காரன் என்ன சொல்றான் தெரியுமா? புகாரைக் குறிச்சுக்கறேன், ஆளைத் துரத்திப் பிடிக்க எனக்கு அனுமதி இல்லேங்கறான். பெட்ரோல் மலிவாப் போடணும்னா பாலத்தைத் தாண்டி ஐடஹோவுக்குப் போகவேண்டியிருக்கு. சியாட்டில்ல உக்காந்து இந்த மாநிலத்துக்குச் சட்டம் போடறவங்களுக்கு இங்க நாம ஒருத்தர் இருக்கறதே தெரியாது."

"உனக்கு முதுகு போனப்ப ரெண்டு வருஷம் வீட்ல உக்காந்திருந்தியே. அப்ப படியளந்தது யாரு? அதே சியாட்டில்காரங்கதான்."

"ஆரம்பிச்சுட்டியா…"

மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த மகள் டெஸா தட்டைத் தள்ளி வைத்தாள். ஐந்தாம் மாதம். கல்யாணமான கையோடு, ஐடஹோ பக்கம் மலைமேலிருக்கும் கோதுமை ஊரில் கணவன் கிரேடியோடு வீடு கட்டிக்கொண்டு போனவள். அங்கே நிலம் மலிவு. சர்ச்சில் எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கதவைப் பூட்டாமல் தூங்கலாம். அம்மாவையும் அப்பாவையும் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவைத்துவிட வேண்டும் என்று பேசிப் பார்க்கத்தான் முந்தின நாள் இறங்கி வந்திருந்தாள்.

"அம்மா, இந்தக் குழந்தை பொறக்கும்போது நீ என் பக்கத்துல இருக்க வேண்டாமா?"

"இருப்பேன்டி. இங்கேர்ந்து வந்து இருப்பேன்."

"இங்கேர்ந்து ஏன் வரணும்? டிலன் திரும்பி வருவான்னுதானே இந்த வீட்டைக் கட்டிக்கிட்டு அழறே? வெளிப்படையாச் சொல்லேன்."

அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சும்மா சொல்வதில்லை. டுவெய்ன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

டிலன் மூத்தவன். போதை மாத்திரையில் விழுந்தவன். ஒரு முறை பையில் மாத்திரையோடு இந்த ஊர்ப் போலீசிடம் மாட்டினான். அவர்கள் ஒரு அட்டையில் சிகிச்சைக்கான போன் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் இங்கே சட்டம் அப்படி. ரோண்டாதான் அவனை ஸ்போகேன் நகரத்துச் சிகிச்சை இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். செலவையெல்லாம் மாநிலமே ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த வாரமே அவன் எழுந்து வெளியே நடந்துவிட்டான். வயது வந்தவன், பிடித்து வைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று அவர்கள் போனில் பணிவாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை.

"அந்தப் பக்கமா இருந்திருந்தா உள்ள தள்ளியிருப்பானுங்க," என்றார் டுவெய்ன் திரும்பாமலே. "உள்ள கிடந்திருந்தா தெளிஞ்சிருப்பான். இந்த மாநிலமும் இவளும் ஒண்ணு. ரெண்டும் வலிக்காம தடவிக் குடுத்தே ஆளைக் கொல்லும்."

"நீ செல்லம் குடுத்துத்தாம்மா அவன் கெட்டான்," என்றாள் டெஸா. "இப்ப எங்களையும் விடமாட்டேங்கறே."

ரோண்டாவின் உதடுகள் ஒரு தடவை அசைந்து நின்றன. அவள் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும்… சொல்லவில்லை. அடுப்பை அணைத்தாள்.

டெஸா எழுந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டதை ரோண்டா பார்த்துவிட்டாள்.

"என்னடி, வலிக்குதா?"

"உன் சோபால படுத்தா வலிக்காம என்ன செய்யும். ஒண்ணுமில்ல."

சாப்பிடாமலே கிளம்பிப் போனாள். அவளுடைய கார் தெருமுனை திரும்புவதற்குள் புகையில் மறைந்துபோனது. ரோண்டா வெகுநேரம் வாசலிலேயே நின்றாள்.  

தரகர் வந்தார். ரோண்டா கையெழுத்துப் போடவில்லை. டுவெய்ன் கார் கொட்டகைக்குள் போய்விட்டார். அப்போதுதான் கிரேடியிடமிருந்து போன் வந்தது.

"ரோண்டா… டெஸாவுக்குப் பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. எங்க ஊர் ஆஸ்பத்திரியில இருக்கோம். நீங்க கொஞ்சம் வாங்களேன்."

மலையேறும் சாலையில் முன்னே போகும் வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு டுவெய்ன் ஓட்டினார். 

சின்ன ஆஸ்பத்திரி. டெஸாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. காலையில் கத்தின வாய் இப்போது "அம்மா" என்று மட்டும்தான் சொன்னது. ரோண்டா நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது.

"என்ன செய்யறாங்க?"

"பாத்துக்கிட்டிருக்காங்க," என்றான் கிரேடி. நல்ல பையன். பெரிய கைகள். அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். "குழந்தை பிழைக்காதாம். ஆனா இதயம் இன்னும் துடிக்குதாம். துடிக்கற வரைக்கும் கை வைக்கக்கூடாதுன்னு ஐடஹோவுல புதுச் சட்டம். வக்கீல்கிட்டக் கேட்டிருக்காங்க."

"வக்கீல்கிட்டயா? என் பொண்ணுக்குக் காய்ச்சல் அடிக்குது. வக்கீல் என்ன மருந்து குடுப்பார்?"

டாக்டர் இளம்பெண். ரோண்டாவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய கண்களும் சிவந்திருந்தன.

"இன்னும் மோசமானாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும். எவ்வளவு மோசமாகணும்னு எனக்கே யாரும் சொல்லமாட்டேங்கறாங்க. தப்பாக் கணிச்சா நான் ஜெயிலுக்குப் போகணும்." குரலைத் தாழ்த்தினாள். "ஆம்புலன்ஸ் எல்லாம் காட்டுத் தீக்குப் போயிருக்கு. நீங்களே பாலத்தைத் தாண்டிக் கூட்டிட்டுப் போறதா இருந்தா நான் தடுக்கமாட்டேன். போங்க. சீக்கிரம் போங்கம்மா."

ரோண்டா உள்ளே வந்து மகளின் செருப்பைத் தேடினாள்.

"எங்க போறீங்க?" என்றான் கிரேடி. "ரோண்டா, அந்தத் துடிப்பை நான் என் கண்ணால திரையில பாத்தேன். என் பிள்ளை அது."

"தெரியும்ப்பா. என் பேரப்பிள்ளையும்தான். எனக்கு மட்டும் வலிக்காதுன்னு நினைக்கறியா?"

"அங்க போனா… அவங்க நிறுத்திடுவாங்க."

"இங்க இருந்தா ரெண்டும் நின்னுடும், கிரேடி."

அவன் கதவை மறித்து நின்றான். அடிக்கிறவன் இல்லை. நகரத் தெரியாமல் நின்றான். கட்டிலிலிருந்து டெஸாவின் குரல் வந்தது. பல் கிட்டித்துக்கொண்டு வந்த குரல்.

"கிரேடி… என்னைச் சாக விடாதே. அம்மா, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

எல்லாரும் டுவெய்னைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்று துடித்த மனிதர்.  மருமகனின் தோளில் கை வைத்து மெதுவாக நகர்த்தினார். குனியக்கூடாத முதுகோடு குனிந்து மகளைத் தூக்கிக்கொண்டார்.

வளைவு வளைவாய் இறங்கும் சாலை. பின்சீட்டில் ரோண்டாவின் மடியில் டெஸாவின் தலை. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கிரேடி முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினான். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று டெஸா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் ரோண்டாவை அதிகம் பயமுறுத்தியது. மகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். "பேசுடி. காலையில திட்டினியே, அந்த மாதிரி திட்டு. செல்லம் குடுத்துக் கெடுத்தேன்னு சொல்லுடி…"

பாலத்தைத் தாண்டும்போது டுவெய்ன் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

இந்தப் பக்கத்து டாக்டர் வக்கீலைக் கேட்கவில்லை. டெஸாவிடம் குனிந்து, "உனக்கு என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டார். அவள் சொன்னாள். கதவு மூடிக்கொண்டது.

விஷம் ரத்தத்தில் ஏற ஆரம்பித்திருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால்… என்று ஆரம்பித்த டாக்டர், கிரேடியின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார். ஆண் குழந்தை. ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கிரேடியின் ஒரு உள்ளங்கையே போதுமாக இருந்தது. பிள்ளையை மார்போடு அணைத்தபடி அப்படியே ரோண்டாவின் தோளில் சாய்ந்துவிட்டான்.

"கதவை மறிச்சு நின்னேனே. நான் மறிச்சு நின்னேனே…"

"நீ அப்பன். அப்படித்தான் நிப்பே. அழு. அழுதுடு."

மறுநாள் டெஸாவுக்குக் காய்ச்சல் இறங்கியது. அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்ல வந்தவளை ரோண்டா விடவில்லை. இருவரும் அழுதார்கள்.

அதற்குள் நர்ஸ் ஒரு சின்ன மாத்திரைக் குப்பியோடு வந்தாள். வீட்டுக்குப் போனபிறகு வலித்தால் போட்டுக்கொள்ளலாம், கொஞ்சம் வீரியமான மாத்திரை என்று பெயரைச் சொன்னாள். ரோண்டா சட்டென்று எழுந்து அந்தக் குப்பியின்மேல் கையை வைத்துத் தள்ளினாள்.

"அது வேண்டாம். வேற குடுங்க. அது எங்க வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"குறைஞ்ச அளவுதாம்மா…"

"வரக்கூடாதுன்னேன்ல." 

நர்ஸ் எடுத்துக்கொண்டு போனாள். சுவரோரம் நாற்காலியில் இருந்த டுவெய்ன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாத்திரையின் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு ரெண்டு வருஷம் அவருடைய தலைமாட்டில் இருந்த பெயர். அவர் முகம் மெல்ல மாறியது.

"ரோண்டா. வெளிய வா."

வண்டி நிறுத்துமிடத்தில் இருவரும் நின்றார்கள்.

"டிலன் முதல்ல எடுத்தது… எங்கேர்ந்து?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"யாரோ சிநேகிதன் குடுத்தான்னு சொன்னியே. என் குப்பியிலேர்ந்தா?"

அவள் மெல்லத் தலையசைத்தாள். 

"இத்தனை வருஷமா நான் உன்னைச் சொன்னேன். இந்த மாநிலத்தைச் சொன்னேன். தினம் காலையில சொன்னேன். ஏன் நீ ஒரு தடவைகூட வாயைத் திறக்கலை?"

"நீ படுத்த படுக்கையா இருந்தே. அவன் என் காலைப் பிடிச்சுக்கிட்டு, அப்பாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவாரும்மான்னு அழுதான். எனக்கும் அதே பயம்தான்." ரோண்டா தன் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாரையாவது திட்டணும் உனக்கு. என்னைத் திட்டினா நான் தாங்கிப்பேன். உன்னை நீயே திட்டிக்க ஆரம்பிச்சா உன்னால தாங்க முடியாது."

டுவெய்ன் வண்டியின் மூக்கில் இரு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றார். முதுகு குலுங்கியது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் நின்று அவர் முதுகின் தழும்பு இருக்குமிடத்தில் கையை வைத்தாள்.

பிறகு நிமிர்ந்து, "அவன் எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். அக்கா வீட்டுக்குன்னு சொல்லிட்டு நான் அங்கதான் போயிட்டு வர்றேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோதுமை வயல்களுக்கு நடுவே வடக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். ஸ்போகேனில் ரயில் பாலத்துக்குக் கீழே கூடாரங்கள். ஒரு வேன் நின்றிருந்தது. அதிலிருந்தவர்கள் சூப்பும், சுத்தமான ஊசியும், போதை அதிகமாகி மூச்சு நின்றுபோனால் மூக்கில் அடிக்கும் மருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சிகிச்சை வேண்டும் என்று கேட்டால் அன்றைக்கே இடம் பார்த்துக் கொடுப்பார்களாம். கேட்காதவனைக் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள்.

டிலன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். பின்னால் அப்பாவைப் பார்த்ததும் ஓடப் பார்த்தான். துரத்தவில்லை டுவெய்ன். நடைபாதை ஓரத்தில், அழுக்கில், மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணும் சொல்ல வரலைடா. என் மாத்திரைன்னு இப்பத்தான் தெரியும். அதைப் பூட்டி வெச்சிருக்கணும் நான்."

டிலன் நின்றான். எலும்பும் தோலுமாய் இருந்தான். மெல்லத் திரும்பி வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"எடுத்தது நான்தானேப்பா," என்றான். பிறகு, "டெஸாவுக்குக் குழந்தை எப்போ?" என்று கேட்டான்.

ரோண்டா சொன்னாள். அவன் தலையை முழங்காலில் வைத்துக்கொண்டான். டுவெய்ன் நகர்ந்து போய் மகனைக் கட்டிக்கொண்டார். மகன் விலகவில்லை.

"வண்டியில ஏறுடா. வீட்டை விக்கலை. உன் ரூம் அப்படியே இருக்கு."

"இன்னைக்கு வேண்டாம்ப்பா."

டுவெய்ன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்தால் வந்துவிடுகிற எடைதான். கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார். அப்புறம் விரலை ஒவ்வொன்றாக விட்டார்.

வண்டிக்குத் திரும்பி உட்கார்ந்தும் அவர் சாவியைத் திருகவில்லை. எங்கிருந்தோ ஒரு ஆம்புலன்ஸ் வந்து பாலத்தின் மறுகோடியில் நின்றது. இரண்டு பேர் இறங்கி ஓடினார்கள். ஒரு கூடாரத்துக்குள்ளிருந்து யாரையோ தூக்கினார்கள். போர்வையை முகத்துக்கு மேலும் இழுத்து மூடினார்கள். ரோண்டா கணவரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் தேடினாள். தூணோரம் டிலன், தலையில் தொப்பியோடு, சூப் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"அவன் இல்ல," என்றாள்.

"ஆமா," என்றார் டுவெய்ன். "இன்னைக்கு அவன் இல்ல."