அறுநூறு இலக்கப் பூட்டு

செவ்வாய்க் கிரகத்தின் உறைபனியை உருக்கிச் சேர்த்த ஏரி ஒன்றுதான், ஊர்கள் இரண்டு. வடகரையும் தென்கரையும் சண்டையில்லாமல் தண்ணீரைப் பகிர்ந்துகொண்டதற்குக் காரணம், மதகின் நெற்றியில் பொறித்திருந்த அறுநூறு இலக்க எண். இரண்டு பகா எண்களைப் பெருக்கினால்தான் அது வரும். ஒன்று வடகரைக் காப்பாளர் செண்பகவடிவிடம் இருந்தது. மற்றது தென்கரைக் காப்பாளர் மைதீன் பிச்சையிடம். இருவரும் வந்து தத்தம் எண்ணை ஊட்டினால் மதகு அவற்றைப் பெருக்கிப் பார்த்துத் திறக்கும். பெருக்க ஒரு கணம் போதும். பெருக்கியதை உடைத்துக் கூறுகளைக் கண்டுபிடிக்க, சூரியன் அணையும்வரை கணினிகள் ஓடினாலும் போதாது. அந்தத் தைரியத்தில்தான் எண்ணை ஊரறியப் பொறித்திருந்தார்கள்.

அன்று புழுதிப்புயல். வடகரையின் மூச்சுத்தோட்டத்தில் குழாய் வெடித்து, ஊருக்கே பிராணவாயு தரும் பாசித்தொட்டிகள் வற்றிக்கொண்டிருந்தன. செண்பகவடிவு தட்டுத்தடுமாறி மதகுக்கு வந்துவிட்டாள். மைதீன் பிச்சை வரவில்லை. அவருக்குச் சேதி சொன்ன கையோடு தென்கரைத் தொடர்பும் அறுந்திருந்தது.

தோட்டத்திலிருந்து பேச்சுக்கம்பி வழியே தோட்டக்காரன் மகராசன் கத்தினான்: "யக்கா, பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குது. சீக்கிரம் தொறங்க!"

தன் எண்ணை ஊட்டினாள். மதகு அசையவில்லை. நெற்றியிலிருந்த எண்ணை வெறித்துப் பார்த்தாள். யாராலும் உடைக்க முடியாது என்கிறார்களே, பாதி கையில் இருப்பவளாலுமா?

கைக்கணினியில் அந்தப் பெரிய எண்ணைத் தன் எண்ணால் வகுத்தாள். மீதி பூஜ்யம். ஈவு, மைதீன் பிச்சையின் எண்!

ஊட்டினாள். தண்ணீர் பாய்ந்தது.

புயல் ஓய்ந்ததும் மைதீன் பிச்சை உடலெல்லாம் செம்புழுதியாக ஓடிவந்தார். "ஊர்தி புதைஞ்சிட்டு தாயி. பிள்ளைங்க எப்படி இருக்கு?"

"எல்லாரும் சொகந்தான் அண்ணாச்சி. ஆனா..." கைக்கணினியை அவரிடம் நீட்டினாள். "உங்க எண்ணை நான் வகுத்து எடுத்துட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "நான் வேலைக்கு வந்த மறுநாளே ஒன் எண்ணை எடுத்துட்டேனே!"

"பின்னே ஏன் ஒரு நாளும் தனியாத் தொறக்கல?"

"ஒனக்குத் தெரியாம நான் எதுக்குத் தொறக்கணும்?"

மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு ஊரும் கூடிய சபையில் நடந்ததை அப்படியே சொன்னாள். குழந்தைகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா எங்க தண்ணியை நீங்க எடுத்திருக்கலாம்!" என்றார் வடகரைத் தலைவர்.

"நீங்களுந்தான்!" என்றாள் தென்கரைத் தலைவி.

மதகின் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். புயலன்று எடுத்ததைத் தவிர ஒரு சொட்டுகூடக் கணக்கில் குறையவில்லை. 'இதுவரைக்கும் எடுக்கல, சரி. இனிமே?' என்று இரு பக்கமும் கேட்டார்கள்.

இரண்டு காப்பாளர்களும் நீக்கப்பட்டார்கள். பெருக்கி வரும் எண்ணை எவருக்கும் காட்டாத புதிய பூட்டு வந்தது. புதிய காப்பாளர்கள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்று விதியும் வந்தது. இந்தப் பூட்டை உள்ளிருந்தும் உடைக்க முடியாது என்று நிபுணர்கள் உறுதி கூறினார்கள்.

அதைப் பொருத்திய அன்றுதான், ஏரியின் இரு கரைகளிலும் முதன்முதலாகத் துப்பாக்கிக் காவல் போட்டார்கள்.