மழைக்கு அடியில் கேட்ட குரல்

"புள்ள, பின்னால யாரு அழுறது?"

புருசன் சுரேந்திரன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஜீவராணி காதோடு அழுத்திக் கேட்டாள். ஓப்பநாயக்க மழை தகரக் கூரையில் கொட்டிய சத்தத்தில் வேறெதுவும் காதில் ஏறவில்லை. தோட்ட லயத்து ஒற்றையறைக் காம்பரா மத்தியானத்திலேயே இருண்டு கிடக்க, ஈரச் சாக்கு நாற்றத்தோடு, கூரையைத் தொடாத நடுச்சுவருக்கு மேலே இருந்து பச்சை மீன் வெட்டுவது போல ஒரு கவிச்சியும் வந்துகொண்டிருந்தது. காய்ச்சல் என்று அவள் கொழுந்து பறிக்கப் போகவில்லை. மாத்திரை வாங்கி வரச் சொல்லித்தான் அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். காய்ச்சல் எனக்கு, உளறல் இவருக்கா?

"யாரும் அழலீங்க. மழைதான்."

பெல்மதுளை ஃபோன் கடையில் வேலை செய்கிறவர் உடனே பதில் அனுப்பினார். "மழையே கேக்கலயே. ஒரே சீரா வர்ற சத்தத்த ஃபோன் வெட்டிரும். மனுசக் குரல விட்டுரும். நீ அனுப்புனத நீயே போட்டுக் கேளு."

போட்டாள்.

மழை இல்லை. துடைத்தெடுத்தது போல இல்லை. அவளுடைய கரகரத்த குரல் மாத்திரை கேட்டது. அதற்கு அடியில் தொப்பென்று ஒரு சத்தம். "வேணாங்க… அடிக்காதீங்க…" மறுபடியும் தொப். "ஜீவாக்கா! ஓடியாங்கக்கா!"

பக்கத்துக் காம்பரா ஸ்டெபானி.

மழையென்றால் ரப்பர் பால்வெட்டு கிடையாது. வெட்டில்லாத நாளில் அவள் புருசன் ஜெறோமுக்குக் கசிப்புச் சாராயம்தான். அவன் அடிப்பது லயத்துக்கே தெரியும். ஆனால் இது கை விழுகிற சத்தம் இல்லை. எலும்பில் இறங்கிய சத்தம். அலறல் பாதியில் அறுந்தது. அதற்குப் பிறகும் கத்தியால் கொத்துகிற சத்தம் நிற்கவில்லை.

ஜீவராணி எழுந்து உட்கார்ந்தாள். உயிர் இருக்குமா? கடைசியில் ஏதோ முனகல் மாதிரி கேட்டதே. ஓடிப்போய் ஆளைக் கூப்பிடுவதா, கதவை அடைப்பதா? அந்த முனகலைத் தேடி, சத்தத்தை முழுக்கக் கூட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

மழை சட்டென்று நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் கொத்துகிற சத்தம். இப்போதும். நிதானமாக.

"ஜீவாக்கா! ஓடியாங்கக்கா!"

ஸ்டெபானியின் குரல் காம்பராவை நிறைத்துச் சுவரைத் தாண்டியது.

கொத்து நின்றது.

கூரையிலிருந்து ஒரு சொட்டு. இன்னொன்று.

"அக்கா," என்றான் ஜெறோம், மெதுவாக. "அவ உங்க பக்கம் வந்துட்டாளா?"

ஃபோனை அணைக்கப் பார்த்தாள். விரல் வியர்வையில் வழுக்கியது. மெசேஜ் முதலிலிருந்து ஓடியது. மாத்திரை. தொப். வேணாங்க.

அங்கே ஒரு பெட்டி சுவரோரமாக இழுபட்டது.

முதலில் கத்தி வந்து சுவர் விளிம்பில் படிந்தது. அதில் நீள முடி ஒட்டியிருந்தது. பிறகு சிவந்த விரல்கள். பிறகு ஜெறோமின் கண்கள். அவள் கைக்குள்ளிருந்து இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண்டாட்டியை அவை தேடின.