வெள்ளி வரைக்கும் எழுதிடுங்க

நேற்று சாயங்காலம் டீச்சரின் மகள் மாடிப்படியில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அந்தச் செய்தி, திங்கட்கிழமையே எழுதிப் பூட்டி வைத்த நோட்டில் இருந்தது.

டீச்சர் இன்னொரு தரம் வாசித்தாள். "புதன். இன்று டீச்சர் மகள் படியில் விழுந்தாள். மூன்றாம் படி. வலது முட்டி. அவள் அழவில்லை." கடைசி பெஞ்சு ஊமைக்கொட்டானின் கையெழுத்துதான், கோட்டை விட்டு எழும்பாத பொடிப்பொடி எழுத்து. முப்பத்தெட்டு நோட்டும் திங்கள் மாலையிலிருந்து அலமாரியில் கிடக்கின்றன. சாவி டீச்சரின் கைப்பையை விட்டு நகரவில்லை. கையெழுத்துப் போடுவதற்காக இப்போதுதான், பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, அலமாரியைத் திறந்தாள்.

ஐந்தாம் வகுப்புக்கு நாட்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. தேதி, கிழமை, நடந்தது, மனதில் பட்டது, அவ்வளவுதான். அதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, வெள்ளிக்கிழமை அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றதும் டீச்சர் விழித்துக்கொண்டாள். திங்களன்று ஒரே பீரியடில் எல்லாரையும் வெள்ளி வரைக்கும் எழுத வைத்துவிட்டாள்.

"நடக்காதத எப்படி டீச்சர் எழுதுறது?"

கேட்டது ஊமைக்கொட்டான். டீச்சர் வைத்த பெயர்தான் அது. மாதத்துக்கு ஒரு தரம் வாய் திறக்கிற பிள்ளை, அன்றைக்குப் பார்த்துத் திறந்தது.

"கையால எழுது. என்ன பெருசா நடந்துடப் போகுது?"

சுற்றி வந்தபோது அதன் திங்கட்கிழமைப் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. "என் பூனை என் மடியில் தூங்கியது." டீச்சர் ஸ்கேலை வைத்து, சிவப்புப் பேனாவால் நேராக ஒரு கோடு இழுத்தாள். கையால் கோடு போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"பூனைக் கதைய யாரு கேட்டா? ஸ்கூல்ல நடக்குறத எழுது."

"நெஜமாவே தூங்குச்சு டீச்சர்."

"நான் அடிச்சிட்டா அது இல்லைன்னு அர்த்தம். புரியுதா?"

மறுநாள் பூனையைக் காணோம் என்று அழுதுகொண்டே வந்தது. "காணோம்னா போய்த் தேடு. என்கிட்ட வந்து ஏன் மூக்கச் சிந்துற?" என்று துரத்தினாள். இன்று மதியமும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "அந்தக் கோட்ட அழிச்சிக் குடுங்க டீச்சர்" என்றது. சனியன், எங்கே வாய் திறக்க வேண்டுமோ அங்கே திறக்காது. காதைத் திருகி அனுப்பினாள்.

வராந்தாவில் மகள் பந்து தட்டிக்கொண்டிருந்தாள். டப். டப். அவளும் இதே வகுப்புதான். மணி அடிக்கும் வரை 'டீச்சர்', மணி அடித்த பிறகு 'அம்மா'. அதில் ஒரு நாளும் தப்பியதில்லை. வெளிச்சம் ஜன்னல் கம்பிகளை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது, ஈர டஸ்டரின் வாடையும் அன்றைக்கெல்லாம் வியர்த்த பிள்ளைகளின் வாடையும் அறையை விட்டுப் போகவில்லை, காலி பெஞ்சுகள் எல்லாம் தன்னையே பார்த்து உட்கார்ந்திருப்பது போல டீச்சருக்குத் தோன்றியது. சே, என்ன இது, என்று தன்னையே திட்டிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள்.

"வியாழன். இன்று எல்லாரும் போன பிறகு டீச்சர் என் நோட்டை வாசித்தார்."

இதுவும் திங்களன்று எழுதியதுதான்.

"டீச்சர் மகள் வராந்தாவில் பந்து தட்டினாள். தட்டிக்கொண்டே மாடிப்படியின் மேல் படிக்கு வந்தாள்."

அவ்வளவுதான். அதற்குக் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"வெள்ளி. இன்று வகுப்பில் முப்பத்தேழு பேர். டீச்சர் அழுதார். மனதில் பட்டது: எனக்கும் அப்படித்தான் இருந்தது."

"ஏய்!" டீச்சர் கத்தினாள். "படிக்கட்டுப் பக்கம் போகாத!"

"போகலம்மா."

ஆனால் சத்தம் போய்க்கொண்டிருந்தது. டப். கொஞ்சம் தள்ளி. டப். இன்னும் தள்ளி. வராந்தாவின் அந்தக் கோடியில்தான் படி. இருபத்திரண்டு படிகள். அடியில் சிமெண்ட் தரை.

"இங்க வா! உடனே வா!"

"பந்து அங்க ஓடிருச்சும்மா. எடுத்துட்டு வரேன்."

எழுந்து ஓடியிருக்க வேண்டும். கால் எழுவதற்குள் கை எழுந்துவிட்டது. பதினெட்டு வருஷப் பழக்கம். பிடிக்காத வரி கண்ணில் பட்டால் கை தானாக ஸ்கேலைத் தேடும். வைத்தாள். அழுத்தினாள். 'டீச்சர் மகள்' என்பதிலிருந்து 'மேல் படிக்கு வந்தாள்' வரை, ஒரு எழுத்து விடாமல், நேராக இழுத்தாள்.

இல்லை. இது இல்லை. நான் அடித்துவிட்டேன்.

சத்தம் நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். பாதி மூச்சில் பூனை ஞாபகம் வந்தது.

நாற்காலி சாய, ஓடினாள்.

வராந்தாவில் யாரும் இல்லை. மேல் படியில் பந்து மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மகளின் செருப்பு ஒன்று கூட இல்லை. தூணில் மாட்டியிருந்த புத்தகப் பை இல்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். மகளின் பெயர் நாக்கில் வரவில்லை. எவ்வளவு முட்டினாலும் வரவில்லை.

சுவரில் கோடு இருந்தது.

சிவப்புக் கோடு. வகுப்பு வாசலிலிருந்து படி வரைக்கும். நேராக. பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சு உயரத்தில். ஈரமாக.

டீச்சர் கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்தாள். கோடு அழியவில்லை. இழுவிக்கொண்டு வந்தது. வெதுவெதுவென்று இருந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"வலிக்குதும்மா."

உள்ளங்கைக்கு அடியிலிருந்து.

கையை எடுத்தாள். குரல் இல்லை. வராந்தா முழுக்க ஒரு சத்தம் இல்லை. காதை வைத்துக் கேட்டாள். வெறும் சுவர்.

மறுபடி தேய்த்தாள்.

"வலிக்குதும்மா. வலிக்குது."

டீச்சர் அழுதுகொண்டே தேய்த்தாள். நிறுத்தவில்லை.