கோட்டையில் மூன்று பங்கு

ஐந்து நாளில் திரும்பிவிடுவேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போன எஸ்ரா, பதினோராம் நாள் மத்தியானம்தான் கோட்டைக்கு வந்து சேர்ந்தான். கோட்டை என்று பேர்தான். ஆற்றங்கரை மரங்களை வெட்டிச் சுற்றிலும் நட்டு, நடுவில் ஒரு குடிசை. மலைக்கு அப்பால் வழி தேடி வந்த படை, பனிக்காலத்தைத் தள்ளக் கட்டியது. கேப்டன் மற்றவர்களோடு முன்னால் போய்விட்டார். பனியில் கால் கறுத்து நடக்க முடியாத இரண்டு பேரை விட்டுவிட்டார்கள்: எஸ்ராவின் தம்பி டோபி, அப்புறம் ஜூபல். அவர்களுக்குத் துணையாக நின்றுவிட்ட இவன்தான் வேட்டைக்குப் போனான். பாழாய்ப்போன புயல் வழியை மறித்துவிட்டது. கையில் கிடைத்தது ஒரே ஒரு காட்டெருமைத் துண்டு.

புகைபோக்கியில் புகை இல்லை.

"டோபி! டேய்!"

கதவைத் தோளால் இடித்துத் திறந்தான். அழுகின கால் நாற்றம் குப்பென்று அடித்தது. மூலைக் கட்டிலில் ஜூபல் சுருண்டு கிடந்தான். அடுப்புச் சாம்பலருகே கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தான் தம்பி.

"வந்துட்டியாண்ணே? பசிக்குதுண்ணே. பங்கு வை."

எஸ்ராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தீனி குறைந்தால் படையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வெட்டுவான். இன்னொருவன் முதுகைக் காட்டி நின்று, எந்தத் துண்டு யாருக்கு என்று பார்க்காமலே சொல்லுவான். அப்படிச் செய்தால் சண்டை வராது.

இறைச்சியையும் கத்தியையும் தம்பி மடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான்.

"இது யாருக்கு?"

"ஜூபலுக்கு."

"இது?"

"எனக்கு."

"இது?"

"உனக்குத்தாண்டா, ராசா."

அவசர அவசரமாக மெல்லும் சத்தம்.

"எஸ்ரா..." கட்டிலிலிருந்து ஜூபல் முனகினான். "யாருகிட்டடா பேசுற? அவன் செத்து நாலு நாளாச்சு."

திரும்பினான். தம்பியின் கண்ணில் பனி படிந்திருந்தது. கன்னம் கல்லாக இருந்தது. விறைத்த கையில் கத்தி, அதில் ஈர ரத்தம். மடியில் இரண்டே துண்டு.

"அவனைத் தூக்கி வெளிய போடுடா," என்று ஜூபல் கெஞ்சினான்.

"ஆறு நாள் பிந்திட்டேனே, பாவி!" எஸ்ரா தலையில் அடித்துக்கொண்டான். தம்பி குரலை இன்னொரு தரம் கேட்டால் போதும் அவனுக்கு. மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பினான்.

"இது யாருக்கு?"

"உனக்கு."

"என் பங்குடா அது!" என்று ஜூபல் கத்தினான்.

"இது?"

"அதுவும் உனக்குத்தாண்டா, தின்னு."

மெல்லும் சத்தம் நின்றது. இறைச்சி தீர்ந்துவிட்டது.

பலகைத் தரையில் மெதுவாகக் காலை இழுக்கும் சத்தம். அது கட்டிலருகே போய் நின்றது.

"இது யாருக்கு?"

"எஸ்ரா! எனக்குன்னு சொல்லுடா! ஜூபலுக்குன்னு சொல்லு!"

எஸ்ரா சுவரிலிருந்து திரும்பவில்லை.

"சொல்லுண்ணே," என்றது தம்பியின் குரல். "பசிக்குது."